கண்ணுக்குள் வாயு இருக்கும்போது ஜோஹானஸ்பர்க் ஏறாதீர்கள்: விழித்திரை விலகல் பற்றி

விழித்திரை விலகல், அதாவது கண்ணின் உட்படலம் பின்சுவரிலிருந்து கழன்றுவிடுவது, வலிக்காது. இந்த நோயில் இருக்கும் பெரிய சங்கடமே அதுதான். பல் வலித்தால் நள்ளிரவிலும் மருத்துவரைத் தேடி ஓடுகிறவர், கண்ணோரம் ஒரு நிழல் விழுந்தால் "தூக்கம் போதவில்லை, கண்ணாடி பவர் மாறியிருக்கும்" என்று சம்பளத் தேதி வரை தள்ளிப் போடுகிறார். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. அது கிழிந்தாலும் கழன்றாலும் கண் சிவக்காது, நீர் வடியாது, எதிரே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது என்பதால் அக்கம்பக்கத்தில் அனுபவப்பட்டவர் யாரும் இருப்பதில்லை. அதனால் தெரிந்த ஒருவர் சொல்லி எச்சரிக்கும் வாய்ப்பும் குறைவு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படர்ந்திருக்கும் நரம்புப் படலம்தான் விழித்திரை. கால் மில்லிமீட்டர் தடிமன்கூடத் தேறுமா என்பது சந்தேகம். அதன் வெளி அடுக்கில் இருக்கும் ஒளியுணர் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வருகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் செல் கனத்தில் ஒரு நிறமிப் படலம் உண்டு. விழித்திரைக்குப் பின்னால் சேரும் நீரை ஓயாமல் இறைத்து, படலத்தைச் சுவரோடு ஒட்டிவைத்திருப்பது அதன் வேலை. அங்கே விழித்திரை கழன்றால் ஒளியுணர் செல்கள் பட்டினி கிடக்கின்றன. அவை உடனே சாவதில்லை, நாள்கணக்கில் சாகின்றன. சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த நாள்கள்தான்.

கழலுவது எப்படி? கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல் சுமார் 4 மில்லிலிட்டர் இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் அது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டுப் பிரிகிறது. இது எல்லோருக்கும் நடக்கும் மூப்பு. பெரும்பாலோருக்கு ஓரிரு புள்ளிகள் மிதப்பதோடு முடிந்துவிடும். சிலருக்கு ஜெல் ஓரிடத்தில் இறுகப் பற்றியிருக்கும்; பிரியும்போது விழித்திரையையும் இழுத்துக் கிழித்துவிடும். புதிதாகப் புள்ளியோ மின்னலோ தெரிந்து வருகிறவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவரிடம் கிழிசல் இருக்கும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. நீர்த்துப்போன விட்ரியஸ் அந்தக் கிழிசல் வழியே பின்னால் புகுந்து படலத்தைத் தூக்குகிறது. இதுதான் கிழிசலால் வரும் விலகல். இந்தப் பதிவின் பெரும்பகுதி இதைப் பற்றியது.

மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இது வந்தவர்கள், ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். கண்புரை அறுவைக்குப் பிறகு இந்த ஆபத்து சில மாதங்களில் போய்விடுவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அடிபட்ட கண்ணிலும் அப்படித்தான். முகத்தில் விழுந்த குத்தோ கிரிக்கெட் பந்தோ விழித்திரையின் ஓரத்தை வேரோடு பிய்த்திருக்கும். இளைஞர்களுக்கு ஜெல் இன்னும் கெட்டியாக இருப்பதால் நீர் மெதுவாகவே புகும். மாதங்கள் கழித்துத்தான் பார்வை மங்கும். தீபாவளிப் பட்டாசு கண்ணில் பட்ட பையனின் புண் ஆறிவிட்டது என்பதோடு நிறுத்தாமல், மருந்து விட்டு விழித்திரையின் ஓரம் வரை ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

மேக்குலா பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா

விழித்திரையின் நடுவில் உள்ள மேக்குலாதான் எழுத்தைப் படிப்பது, முகம் பார்ப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம். விலகல் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வருகிறது. மேக்குலாவைத் தொடுவதற்கு முன் ஒட்டிவிட்டால் பழைய பார்வை அப்படியே மிஞ்சும் வாய்ப்பு மிக அதிகம். தொட்டு மூன்று நாளுக்குள் சரிசெய்தால் ஓரளவு நல்ல பார்வை திரும்பும். ஒரு வாரம் தாண்டினால் படலம் ஒட்டும், பார்வை பாதிதான் வரும். அறுவை நிபுணர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

மேல்பாதியில் உள்ள கிழிசல் அவசரமானது. புவியீர்ப்பு நீரைக் கீழே இழுப்பதால், காலையில் ஓரத்தில் இருந்த விலகல் மாலைக்குள் நடுவுக்கு வந்துவிடலாம். கண்ணின் ஒளியியல் தலைகீழ் என்பதால் மேலே கழன்றால் நிழல் கீழே தெரியும். ஆகவே "கீழிருந்து ஏதோ எழும்புகிறது" என்று ஒருவர் சொன்னால் அன்றே வண்டி எடுக்க வேண்டும். மேலிருந்து திரை இறங்குவதாகச் சொன்னால் விலகல் கீழ்ப்பாதியில் இருக்கிறது. அது கொஞ்சம் மெதுவாக நகரும், ஆனாலும் வாரக்கணக்கில் விடக்கூடாது.

அறிகுறிகள் மூன்று. ஒன்று, பார்வையின் ஓரத்தில், பெரும்பாலும் காதுப்பக்கம், இருட்டில் கண்ணை அசைக்கும்போது வில் போல வெட்டும் மின்னல். இரண்டு, திடீரெனப் பொழியும் கரும்புள்ளிகள், சிலந்தி நூல், புகை. புகைபோலத் தெரிந்தால் ஒரு இரத்தக்குழாய் கிழிந்து இரத்தம் கசிகிறது என்று பொருள். கிழிசல் இருக்கும் வாய்ப்பு பன்மடங்கு ஏறுகிறது. மூன்று, நகராத நிழல். வருடக்கணக்காக மிதக்கும் அதே பழைய பூச்சிக்கு யாரும் ஓட வேண்டியதில்லை. ஒற்றைத் தலைவலியின் மின்னலையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இரண்டு கண்ணிலும் வளைந்து நெளிந்து கோலம்போல விரிந்து, இருபது முப்பது நிமிடத்தில் அடங்கிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரே சோதனை: ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி, மறு கண்ணால் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி நான்கு மூலையும் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் ஓட்டையை அடைத்துக் காட்டிவிடும். பலர் தாமதிப்பது இதனால்தான்.

டர்பனில் எங்கே போவது

ஷாப்பிங் மாலில் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் (கண்ணாடிப் பவர் பார்ப்பவரிடம்) போவது தவறில்லை. மருந்து விட்டுப் பாவையை (கண்ணின் நடுத் துளையை) விரித்துப் பார்ப்பாரா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாவையை விரிக்காமல் எடுக்கும் சாதாரண ஃபண்டஸ் படத்தில் (கண்ணின் உட்புறப் படத்தில்) நடுப்பகுதி மட்டும் விழும். கிழிசல்கள் ஓரத்தில் இருக்கின்றன. "படம் நன்றாக இருக்கிறது" என்ற பதிலை வைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது. விட்ரியஸின் முன்பகுதியில் புகையிலைத் தூள்போலப் பழுப்புத் துகள் மிதக்கிறதா என்று ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம். அது தெரிந்தால் கிழிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்கள் உள்ளூர் கிளினிக் வரிசையில் நின்று பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருப்பதை விட, சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி போன்ற மருத்துவமனைகளின் காஷுவல்ட்டிக்கு (அவசரப் பிரிவுக்கு) நேரே போவது நல்லது. அங்கிருந்து ஓவர்போர்ட்டில் உள்ள மெக்கார்ட் மாகாணக் கண் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: காஷுவல்ட்டியில் நோயாளிகளை அவசரத்தின் வரிசையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நடந்து வந்து, வலியில்லை என்று சொல்கிறவர் பச்சைக்குப் போய்விடுவது எளிது. "கண் மங்கலாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். "வலது கண்ணில் நேற்று மாலை நாலு மணி முதல் திரை மறைக்கிறது, நடுப்பார்வை இன்னும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். பக்கம், தொடங்கிய நேரம், நடுப்பார்வை ஆகிய இந்த மூன்றும் அங்குள்ள மருத்துவர் கண் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய மூன்று செய்திகள்.

மெடிக்கல் எய்ட் இருப்பவர்களுக்கு: விழித்திரை விலகல், திட்டங்கள் கட்டாயம் ஈடுசெய்ய வேண்டிய பி.எம்.பி. பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனைச் செலவை மட்டும் ஏற்கும் சாதாரண ஹாஸ்பிட்டல் பிளானில் இருப்பவருக்கும் இது பொருந்தும். கடிதத்தில் நோயைக் குறிக்கும் ஐ.சி.டி. 10 குறியீடு சரியாக இருக்க வேண்டும். கிழிசலோடு விலகல் என்றால் எச் 33.0, விலகாத கிழிசல் எச் 33.3, இழுப்பால் வந்த விலகல் எச் 33.4. வெறும் "பார்வைக் குறைவு" என்ற குறியீட்டோடு போனால் அனுமதி எண் தாமதமாகும். திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் போகாவிட்டால் மிச்சக் கட்டணம் உங்கள் தலையில் விழலாம். அவர் உடனே கிடைக்காத அவசரம் என்றால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மயக்கம் கொடுக்க ஆறு மணி நேரம் திட உணவு இருக்கக்கூடாது. வழியில் ஒரு பன்னி சாவ் (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கிச் சாப்பிட்டவரின் அறுவை அடுத்த நாளுக்குப் போய்விடும். சர்க்கரை மருந்து போடுகிறவர்கள் பட்டினி கிடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக்கூடாது, பெட்டியோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாவையை விரித்தால் சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவர் வரட்டும். அறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் மேக்குலா இன்னும் பிடித்திருந்தால் படுக்கையில் இருக்கச் சொல்வார்கள். மேல்பகுதி விலகல் என்றால் தட்டையாகவும், காதுப்பக்க விலகல் என்றால் அந்தக் கண் இருக்கும் பக்கமாகச் சாய்ந்தும் படுக்க வேண்டும். கழன்ற பக்கம் கீழே இருந்தால் நீர் நடுவுக்குப் பரவுவது குறையும்.

கிழிசல் மட்டும் என்றால்

இந்தக் கட்டத்திலேயே பிடிபட்டவர் பாக்கியசாலி. கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாக லேசர் போடுவார்கள். உட்கார்ந்தபடி கால் மணி நேர வேலை. லேசர் பசை அல்ல. அது சிறிய தழும்பை உண்டாக்குகிறது, அந்தத் தழும்பு இறுகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதுவரை ஆபத்து முழுதாக நீங்கவில்லை. இரத்தக் கசிவு மறைத்தால் வெளியிலிருந்து உறைய வைக்கும் கிரையோ செய்வார்கள். கழன்று தொங்கும் படலத்துக்கு லேசர் பயன்படாது, ஏனென்றால் பின்னால் நிறமிப் படலம் ஒட்டியிருந்தால்தான் தழும்பு பிடிக்கும். "லேசர் போட்டு முடித்துவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஓரத்தில் லாட்டிஸ் என்ற மெலிவு இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் முன்கூட்டியே லேசர் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. நூறு பேரில் ஆறிலிருந்து பத்துப் பேருக்கு அது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுதும் ஒன்றும் ஆகாது. மறு கண்ணில் விலகல் வந்தவர், குடும்பத்தில் வரலாறு உள்ளவர் என்றால் கதை வேறு.

விலகிய பிறகு: மூன்று வழி

1920கள் வரை விலகல் என்றால் அந்தக் கண் போனது போலத்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ழூல் கோனான் என்பவர்தான் விலகலுக்குக் காரணம் கிழிசல், கிழிசலை அடைத்தால் படலம் ஒட்டும் என்று நிறுவினார். இன்று வரை எந்த முறையிலும் அடிப்படை இதுதான்: எல்லாக் கிழிசலையும் கண்டுபிடிக்க வேண்டும், அடைக்க வேண்டும், தழும்பு இறுகும் வரை தாங்க வேண்டும். ஒரு கிழிசல் கண்ணில் படாமல் விட்டுப்போனால் மற்ற வேலை எல்லாம் வீண்.

முதல் வழி, வாயு ஊசி. கண்ணுக்குள் தூய எஸ்.எஃப்.6 அல்லது சி3எஃப்8 வாயுவை 0.3 முதல் 0.6 மில்லிலிட்டர் வரை செலுத்துகிறார்கள். உள்ளே அது விரியும்: எஸ்.எஃப்.6 இரண்டு மடங்கு, சி3எஃப்8 நான்கு மடங்கு. அதனால்தான் இவ்வளவு சிறிய அளவு. கிழிசல் மேல்பாதியில், ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால்தான் இது பொருந்தும். 2019இல் வெளியான டொராண்டோ ஆய்வில் 176 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். வாயு ஊசியில் முதல் முயற்சியிலேயே ஒட்டியவர்கள் 81 சதவீதம், விட்ரியஸை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமியில் (மூன்றாவது வழி) 93. ஆனால் ஒட்டியபின் பார்வைக் கூர்மையும் கோணல் இல்லாத தெளிவும் வாயு ஊசியில் மேலாக இருந்தன. தலையைச் சொன்னபடி வைத்திருக்கும் ஒழுக்கமும், அடிக்கடி வந்து காட்டும் வசதியும் உள்ளவருக்கு நல்ல வழி.

இரண்டாவது, ஸ்க்லீரல் பக்கிள். கண்ணின் வெண்சுவருக்கு வெளியே சிலிக்கோன் பட்டையைத் தைத்து, சுவரைக் கிழிசல் பக்கம் உள்ளே அழுத்துவது. பட்டை ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும், வெளியே தெரியாது. ஜெல் இன்னும் பிரியாத இளைஞர்களுக்கும், அடிபட்டு ஓரம் பிய்ந்தவர்களுக்கும் இன்றும் இதுதான் சிறந்தது. கண் சற்று நீள்வதால் மைனஸ் பவர் கூடும். சிலருக்குச் சில மாதம் இரட்டைப் பார்வை இருக்கும். இப்போது பயிற்சி பெறுகிறவர்கள் பக்கிளைக் குறைவாகவே செய்கிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு நேரே விட்ரெக்டமி என்று சொன்னால், பக்கிள் ஏன் வேண்டாம் என்று கேட்பதில் தப்பில்லை.

மூன்றாவது, விட்ரெக்டமி. இப்போது அதிகம் நடப்பது இதுதான். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, அரை மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று துளை போடுவார்கள். ஒன்றில் உப்புநீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும் கட்டர். ஜெல்லைச் சிறுசிறு துணுக்காக வெட்டி உறிஞ்ச வேண்டும். வேகம் குறைந்தால் கட்டர் ஜெல்லை இழுக்கும், புதுக் கிழிசல் விழும். பிறகு பின்னால் தேங்கிய நீரை வடித்து, உள்ளே காற்றை நிரப்பி, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, கடைசியில் வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ விடுவார்கள். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே செய்யலாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இதற்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் கண்புரை வரும். அது தவறான அறுவையால் வந்ததல்ல. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு மருத்துவரோடு சண்டை வராது.

வாயுவும் உயரமும்

விட்ரெக்டமியில் விடும் வாயுவைக் காற்றோடு கலந்து, விரியாத அளவில் நிரப்புகிறார்கள்: எஸ்.எஃப்.6 என்றால் 20 சதவீதம், சி3எஃப்8 என்றால் 14 சதவீதம் போல. முதலாவது இரண்டு மூன்று வாரம் கண்ணில் நிற்கும், இரண்டாவது ஆறு முதல் எட்டு வாரம். குமிழி இருக்கும்வரை பார்வை தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தது போல இருக்கும். நாள் போகப் போக மேலிருந்து ஒரு கோடு இறங்கும். கோட்டுக்கு மேலே தெளிவாகும், கீழே குமிழி ஆடும்.

உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், அப்போது வாயு விரியும். கண் மூடிய கூடு, விரிய இடம் இல்லை. அதனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, விழித்திரைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியே நசுங்கும். ஒன்றரை மணி நேரம் இரத்தம் நின்றால் பார்வை நிரந்தரமாகப் போகும். விமானத்தில் ஏறாதே என்று எல்லா மருத்துவமனையிலும் சொல்வார்கள். சாலையில் ஏறாதே என்பதை எல்லோரும் அழுத்திச் சொல்வதில்லை, நம் நாட்டில் அதுதான் முக்கியம். விமானத்தின் உள்ளழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர். டர்பனில் அறுவை செய்து, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோஹானஸ்பர்க் போவதும் விமானம் ஏறுவதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. மெல்ல ஏறினால் கண் கொஞ்சம் ஈடுகொடுக்கும், ஆனால் பாதிக் கண்ணுக்கு மேல் வாயு இருக்கும்போது அந்த ஈடு போதாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர். அங்கே குடியிருப்பவர்கள் அறுவைக்கு முன்பே ஊரைச் சொல்லி அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். நியூகாசில், டண்டி இரண்டும் 1,200 மீட்டரை ஒட்டியவை. அந்தப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வந்து அறுவை செய்துகொள்கிறவர் வாயு கரையும் வரை இங்கேயே அக்கா வீட்டிலோ சித்தி வீட்டிலோ தங்கத்தான் வேண்டும். தங்க வழியில்லை என்றால் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். நீண்ட நாள் நிற்கும் வாயுவுக்குப் பதில் குறுகிய காலத்துக்கு நிற்பதோ, எண்ணெயோ போட முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார். எண்ணெய் உயரத்துக்கு விரியாது. ஜோஹானஸ்பர்க்கில் அறுவை செய்துகொண்டு கீழே டர்பனுக்கு இறங்குவதில் அழுத்தம் ஏறும் ஆபத்து இல்லை. குமிழி சுருங்கிக் கண் தளரலாம், அதுவும் மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியதே.

இன்னொரு ஆபத்து நைட்ரஸ் ஆக்ஸைடு. பல் மருத்துவரிடமும், பிரசவ அறையிலும், ஆம்புலன்ஸிலும் வலிக்காகக் கொடுக்கும் வாயு இது. இரத்தம் வழியே குமிழிக்குள் புகுந்து சில நிமிடத்தில் அதை ஊதிப் பெருக்கிவிடும். அறுவைக்குப் பின் கையில் கட்டும் வண்ணப் பட்டை இதற்காகத்தான். குளிக்கும்போது உறுத்துகிறது என்று வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. குமிழி முற்றிலும் மறைந்தது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

தலையை எப்படி வைப்பது

கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி எப்போதும் மேலே போவது போலத்தான் கண்ணுக்குள் இருக்கும் வாயுவும். கிழிசல் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரும்படி தலையை வைத்தால் குமிழி அதை அடைத்துத் தாங்கும். ஆகவே "குப்புறப் படு" என்பது எல்லோருக்கும் பொதுவான கட்டளை அல்ல. மேல்பகுதிக் கிழிசலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும். வலது கண்ணின் காதுப்பக்கக் கிழிசலுக்கு இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். மேக்குலா கழன்றிருந்தால் முதல் நாள் குப்புற வைப்பார்கள்; பின்னால் மிஞ்சிய நீரால் நடுவில் மடிப்பு விழாமல், படலம் இடம் மாறாமல் இருக்க அது உதவுகிறது. எந்தக் கடிகார நிலையில் (கண்ணைக் கடிகார முகப்பாக வைத்தால் எத்தனை மணி இருக்கும் இடத்தில்) கிழிசல், எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். வழக்கமாகச் சொல்வது மணிக்கு ஐம்பது நிமிடம் அந்த நிலை, பத்து நிமிடம் சாப்பிட, மருந்து விட, கால் நீட்ட.

மல்லாந்து படுப்பது மட்டும் வாயு உள்ள யாருக்கும் ஆகாது. குமிழி லென்ஸைத் தொட்டுக்கொண்டு நிற்கும். புரை விரையும், அழுத்தமும் ஏறலாம். தூக்கத்தில் புரளாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் உருட்டிய போர்வையை வைத்துக் கட்டிக்கொள்வது நல்ல உபாயம். குப்புற இருப்பவர்கள் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

கோயில் விஷயம் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். காவடி எடுப்பதாகவோ தீமிதிப்பதாகவோ நேர்ந்துகொண்டவர்கள் அந்த ஆண்டு வேறொருவரை எடுக்கச் சொல்லலாம், அல்லது அடுத்த தைப்பூசத்துக்குத் தள்ளிவைக்கலாம். பாரமும் ஆட்டமும் நெரிசலும் முதல் வாரங்களுக்கு ஏற்றவை அல்ல. விரதம் இருந்தாலும் சொட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. திருநீறும் மஞ்சள் நீரும் முதல் இரண்டு வாரம் கண்ணருகே வர வேண்டாம். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் எப்போதும் வேண்டாம்.

எண்ணெய், மறுபடி விலகல், மற்ற வகைகள்

கிழிசல் பெரியதாகவோ பலவாகவோ இருந்தால், அல்லது தலையை அடக்கி வைக்க முடியாதவர் என்றால் சிலிக்கோன் எண்ணெய் போடுவார்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் இன்னொரு அறுவையில் எடுக்க வேண்டும். பார்வை வந்துவிட்டது, வலியில்லை என்று எடுக்க வராமல் இருப்பவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள்: எண்ணெய் சிறு குமிழிகளாக உடைந்து கண்ணின் முன்னறைக்கு வரும், கண்ணழுத்தம் ஏறும், கருவிழி வெளுக்கும். எண்ணெய் இருக்கும்போது இயற்கை லென்ஸ் உள்ளவருக்குப் பவர் பிளஸ் ஐந்து, ஆறு வரை மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி மாற்றிக் காசை வீணாக்க வேண்டாம்.

முதல் அறுவையிலேயே ஒட்டுவது பத்தில் எட்டரை, ஒன்பது பேருக்கு. மீண்டும் செய்து பார்த்தால் இருபதில் பத்தொன்பது பேருக்கு. தோற்பதற்குப் பெரிய காரணம் பி.வி.ஆர். எனப்படும் தழும்புப் படலம். கிழிசல் வழியே சிந்திய நிறமிச் செல்கள் விழித்திரையின் மேலும் கீழும் படர்ந்து, சுருங்கி, ஒட்டிய படலத்தை மறுபடி பிய்க்கும். அறுவை முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் பார்வை நன்றாக வந்து திரும்ப மங்கினால் இதைத்தான் நினைக்க வேண்டும். தாமதித்து வந்தவர்களுக்கு இது அதிகம். தடுக்கும் மருந்து இன்னும் இல்லை.

சர்க்கரையால் வரும் விலகலில் பெரும்பாலும் கிழிசல் இருக்காது. புதிதாக முளைத்த இரத்தக்குழாய்களும் நாரும் படலத்தை இழுத்துத் தூக்குகின்றன. பெரும்பாலும் மெல்ல நடக்கும். அறுவைக்குச் சில நாள் முன் கண்ணில் ஊசி போட்டு அந்தக் குழாய்களைச் சுருக்குவார்கள். ஊசி போட்ட பின் அறுவைத் தேதியை வாரக்கணக்கில் தள்ளினால் நார் இறுகி இழுப்பு மோசமாகும், அதனால் இரண்டுக்கும் சேர்த்தே தேதி வாங்க வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அரிது. ஆண்டுக்கு ஒருமுறை பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனை இந்த அறுவையை விட ஆயிரம் மடங்கு மேல்.

எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தி, சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 50க்குக் கீழே போனவர்களுக்கு சி.எம்.வி. வைரஸ் விழித்திரையை அரித்துப் பல ஓட்டைகள் போடும். அந்த விலகலுக்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் போட முடியும். வெட்கப்பட்டு மறைக்காமல் காஷுவல்ட்டியிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் வைரஸ் மருந்தும் கூடவே தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் கண் உறுத்துவதும் சிவப்பதும் சாதாரணம். கண் தெறிக்கும் வலியோடு குமட்டல் வந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது. இமை வீங்கி, சீழ் வந்து, பார்வை நேற்றை விட இன்று மோசம் என்றால் கிருமி புகுந்திருக்கலாம். இரண்டுக்கும் அன்றே, இரவானாலும் போக வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், படிப்படியாகக் குறைத்து. சிலருக்கு அதனாலேயே கண்ணழுத்தம் ஏறும். மூன்றாம், நான்காம் வாரப் பரிசோதனையைத் தவிர்க்காமல் போவது அதற்காக. படிப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதும் கண்ணைக் கெடுக்காது, தலை நிலையைக் கெடுக்காதவரை.

மேக்குலா கழன்றவர்களுக்கு நேர்கோடு வளைந்தும், உருவம் சிறிதாகவும் தெரியும். ஓராண்டு வரை மெல்லத் திருந்தும். கண்ணாடிப் பவர் குறைந்தது மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். மறு கண்ணுக்கு இதே நோய் வர ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. முதல் கண் ஆறும்போதே அதையும் ஓரம் வரை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வண்டி ஓட்டுவது பற்றி: வாயு இருக்கும்வரை ஓட்டவே கூடாது. பிறகு, சாதாரணக் கார் உரிமத்துக்கு இரண்டு கண்ணிலும் தனித்தனியாக 6/12 பார்வைக் கூர்மை (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) வேண்டும். ஒரு கண் அதற்குக் குறைந்தால் மறு கண்ணில் 6/9 இருக்க வேண்டும். பக்கப் பார்வைக்கும் அளவு உண்டு. உரிமம் புதுப்பிக்கும் தேதி நெருங்கினால் சோதனை மையத்துக்குப் போகும் முன் ஆப்டோமெட்ரிஸ்டிடம் இரண்டையும் அளந்து பார்த்துவிடுங்கள். லாரி ஓட்டுகிறவர்களுக்கு அளவு இதைவிடக் கடினம்.